கிளெனெல்க் மணலிலிருந்து முருகேசனுக்கு

அடிலெய்டு,
ஞாயிறு மாலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பதில் போடாமல் கிடக்கிறானே என்று திட்டியிருப்பாய், நியாயம்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம், பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வசந்தாவின் முட்டிவலி போன குளிர்காலத்தைவிடத் தேவலை. எழுதாததற்கு ஒரே காரணம், ரொம்ப நாளாக ஆசைப்பட்ட ஒரு சாமானை வாங்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புது மெட்டல் டிடெக்டர். சிரிக்காதே. பழசை மூன்று வருடம் வைத்திருந்தபோதே "ரிட்டயர் ஆனவனுக்குக் கிலுகிலுப்பை" என்று எழுதினவன்தானே நீ. இது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. இன்னொருவர் பயன்படுத்தி விற்றது என்பதால் விலை பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை என்னவென்றால் மைன்லேப் இந்த ஊர்க் கம்பெனி, 1985-இல் இங்கே அடிலெய்டில் ஆரம்பித்தது. நம் ஊர்க் கைத்தறிப் போர்வையை எவன் விரித்துப் படுத்தாலும் நமக்கு ஒரு இது வருமே, அந்த மாதிரி.

பழைய மெஷினுக்கு ஒரே அலைவரிசை. காய்ந்த மணலில் ஒழுங்காக இருக்கும், அலை நனைத்த மணலில் கால் வைத்தால் போதும், பிள்ளைத்தாய்ச்சி வலியில் கத்துகிற மாதிரி கத்தும். அது மெஷினின் குறை இல்லை. கீழே உள்ள வட்டத் தட்டு, காயில் என்கிறோம், அது மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் ஒரு சின்ன மின்சாரம் சுழன்று, அதிலிருந்து எழும் பதிலைத்தான் மெஷின் கேட்கிறது. உப்புத்தண்ணீருக்குள்ளும் மின்சாரம் ஓடும் இல்லையா, அதனால் முழுக் கடற்கரையும் ஒரு பெரிய மங்கலான உலோகத் தகடு போலத் தெரியும். புதுசு ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்புகிறது. உப்பு ஒவ்வொன்றுக்கும் எப்படிப் பதில் சொல்கிறது, நாணயம் எப்படிச் சொல்கிறது என்று ஒப்பிட்டு உப்பின் சத்தத்தைக் கழித்துவிடுகிறது. கணக்கு நமக்குப் புரியாது, பலன் புரிகிறது. ஈர மணலில் இப்போது அமைதி.

அந்த அமைதிக்கு வந்து சேரவே மூன்று வாரம் ஆயிற்று என்பதுதான் விஷயம். முதல் நாள் கிளெனெல்க் கடற்கரைக்குப் போனேன். டிராம் கடைசியாக வந்து நிற்கிற இடத்தில் கடலுக்குள் ஒரு ஜெட்டி, அதாவது நடைபாலம், நீண்டிருக்கும், போட்டோவில் பார்த்திருக்கிறாய். போனதும் சென்சிடிவிட்டியை, மெஷின் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கவேண்டும் என்கிற அளவை, 25-க்கு ஏற்றினேன், அதற்கு மேல் எண் இல்லை, இருந்திருந்தால் அதற்கும் ஏற்றியிருப்பேன். பக்கத்துத் தெருக் கல்யாணத்து ஸ்பீக்கர் மாதிரி இரைச்சல். பத்து நிமிடத்தில் தலை வலித்தது. அதற்கு மேலே இன்னொரு வேடிக்கை, காயிலை வீசி இடது பக்கம் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு அழகான சிக்னல், ஒவ்வொரு வீச்சிலும். நின்று நின்று ஏழு குழி தோண்டிவிட்டேன், ஒன்றும் இல்லை. எட்டாவது குழி தோண்டக் குனிந்தபோதுதான் உறைத்தது, நான் போட்டிருந்தது தொழிற்சாலைக் காலத்து பூட்ஸ், முனையில் இரும்புத் தொப்பி.

இதில் எனக்குத் துணை ஒருவர் இருக்கிறார். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே என்று தெரியவில்லை. பெல் அவசர அவசரமாக ஒரு கருவி செய்து கொண்டுபோய்த் தேடினார், இன்றைக்கு நம் கையில் இருப்பதற்குப் பாட்டன் அது. தொட்ட இடமெல்லாம் சத்தம். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங் இருந்ததாம். அதோடு வைத்தியர் குண்டு வலது பக்கம்தான் என்று பிடிவாதமாக இருந்து, மறுபக்கம் தேடவே விடவில்லை. கார்ஃபீல்ட் இரண்டரை மாதம் கிடந்து இறந்துபோனார். பெல்லுக்கு மெத்தை, எனக்கு பூட்ஸ். இப்போது ரப்பர் செருப்புதான் போட்டுப் போகிறேன், சென்சிடிவிட்டி 18-ஐத் தாண்டுவதில்லை.

அடுத்தது வீச்சு. நம் வீட்டில் வாசல் கூட்டும்போது விளக்குமாறு இரண்டு ஓரத்திலும் தரையைவிட்டு எழும்பும் பார், அப்படித்தான் எல்லோரும் காயிலை வீசுகிறோம். ஓரத்தில் நாலு விரற்கடை எழும்பினால் ஆழத்தில் நாலு விரற்கடை போச்சு. மணலைத் தொடாமலும் விலகாமலும், முந்தைய வீச்சில் பாதியை மூடிக்கொண்டு, மெதுவாகப் போகவேண்டும். மெதுவாக என்றால் எனக்குக் கடுப்பு வருகிற அளவுக்கு மெதுவாக. நான் எதிலும் அவசரக்காரன் என்று உனக்குத்தான் தெரியுமே, எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையில் ஒரு முழுப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவந்தவன்.

சரி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். இந்த மெஷினில் ஒரு திரை. அதில் எண் வரும். கழித்தல் 9-இலிருந்து 40 வரை. சைபரும் அதற்குக் கீழும் இரும்பு, மேலே மற்றவை. செம்பு, வெள்ளி எல்லாம் உயரத்தில் வரும். இந்த நாட்டு ஒரு டாலரும் இரண்டு டாலரும் அலுமினியம் கலந்த வெண்கலம், மஞ்சளாக இருக்கும், அவை 20-ஐச் சுற்றி வரும். எனக்கு இந்த எண் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எண் நல்லதாக வந்தால் தோண்டுவது, இல்லையென்றால் நடையைக் கட்டுவது, வெயிலில் குனிந்து நிமிரும் வேலை மிச்சம். இரண்டு வாரம் அப்படியே போயிற்று, சில்லறையும் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, ஜெட்டிக்கு வடக்கே ஈர மணலில் போய்க்கொண்டிருந்தேன். எண் 12, ஒரு முறை 11, மறுபடி 12. கேன் மூடியின் வளையம் வருகிற இடம் அது. குளிர்பான கேனைத் திறக்க இழுப்போமே, அந்த அலுமினிய வளையம். இந்த மாநிலத்தில் காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் தருவார்கள், அதனால் கேனை எவனும் மணலில் விட்டுப் போகமாட்டான், வளையத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கேனை மட்டும் கொண்டுபோவான். அன்றைக்கு ஏற்கனவே ஒன்பது வளையம் தோண்டியிருந்தேன். போடா என்று தாண்டிப் போய்விட்டேன்.

எனக்குப் பின்னால் ஒரு கிரேக்கக் கிழவர் வந்துகொண்டிருந்தார், எண்பது இருக்கும், அவருடைய மெஷின் என்னுடையதைவிட வயதானது. என் கால்தடத்தின் மேலேயே நின்று, ஒரு அள்ளு அள்ளினார். அள்ளுவதற்கு நாங்கள் வைத்திருப்பது பெரிய பூந்திக் கரண்டி மாதிரி ஒன்று, மணல் விழுந்துவிடும், பொருள் நிற்கும். உள்ளே மோதிரம். தங்கம். என்னைக் கூப்பிட்டுக் காட்டி, உன்னுடையது, நீ விட்டுவிட்டாய் என்று சிரித்தார். எனக்கு அழுகை வராத குறை.

அவருடைய மெஷினைப் பார்த்தேன். திரையின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. புண்ணுக்குப் போடுவோமே, அதே பிளாஸ்திரி.

தங்கத்துக்கு என்று ஒரு எண் கிடையாதாம். மெல்லிய மோதிரம் 6, 7-இல் வரும், தடித்த ஆண்பிள்ளை மோதிரம் 20 வரை போகும், நடுவில் எங்கு வேண்டுமானாலும். அலுமினிய வளையமும் அதே இடம், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளும் அதே இடம். கழுத்துச் சங்கிலி இன்னும் மோசம், அதன் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிப் பொடியாகத்தான் மெஷின் பார்க்கும், சில சமயம் இரும்பின் இடத்துக்கே தள்ளிவிடும். எண்ணைப் பார்க்காதே, தோண்டு, தோண்டிவிட்டு அது கத்தின விதத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்றார். எவ்வளவு தோண்டவேண்டும் என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார்.

வீட்டுக்கு வந்து நானும் பிளாஸ்திரி ஒட்டினேன். வசந்தா பார்த்துவிட்டு, "காசு கொடுத்து வாங்கின டிவிக்கு யாராவது துணி போர்த்துவாங்களா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கேள். தோட்டத்து ஓரத்தில் வரிசையாகச் சாமான்களைப் புதைத்தேன், ஒரு சாண் இடைவெளி போதாது, இரண்டு முழம் விட்டு. இரண்டு டாலர், ஐந்து சென்ட், கேன் வளையம், சோடா மூடி, ஆணி, அவளிடம் கெஞ்சி வாங்கின பழைய தங்கத் தோடு ஒன்று. (தோட்டைப் புதைத்த இடத்தில் கொடி கட்டி அடையாளம் வைத்தபின்தான் விட்டாள்.) நான் ஹெட்ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் குட்டிக்கரணம் போட்டும் வளையத்துக்கும் தோட்டுக்கும் வித்தியாசம் கேட்கவில்லை. அவள் வந்து ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்து, நாலு வீச்சு கேட்டுவிட்டு, "இது இளநீர், இது முற்றின காய்" என்றாள். கரூர் சந்தையில் தேங்காயைச் சுண்டிப் பார்த்து வாங்கின காது அது. வளையம் ஒரு பக்கமிருந்து வீசும்போது ஒரு மாதிரியும், தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் வேறு மாதிரியும் கத்துகிறதாம், ஓரம் பிசிறடிக்கிறதாம். தோடு எந்தப் பக்கம் நின்றாலும் உருண்டையாக, சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று முடிகிறதாம். அவள் சொன்ன பிறகு எனக்கும் கேட்கிற மாதிரி இருக்கிறது, நிஜமாகக் கேட்கிறதா, கேட்கவேண்டும் என்று கேட்கிறதா என்பது வேறு. எல்லா வளையமும் பிசிறடிக்காது, நசுங்காத வளையம் இன்னமும் என்னை ஏமாற்றுகிறது. சோடா மூடி மட்டும் இப்போது என்னிடம் செல்லாது. இரும்புத் தகடு என்பதால் ஒரு உச்ச ஸ்தாயி, உடனே ஒரு முக்கல், காயிலை மெல்லப் பின்னால் இழுத்தால் முக்கல் கூடும்.

நம் ஒரு ரூபாயையும் புதைத்துப் பார்த்தேன். பாவம், இரும்பு என்கிறது, திடீரென்று உச்சிக்கு எகிறுகிறது, மறுபடி இரும்பு. நம் காசு காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆற்றுப் பாலத்தின் அடியில் பையன்கள் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக் காசு பொறுக்குகிறார்களே, இதனால்தான் முடிகிறது. இங்கே காந்தம் போட்டால் ஒரு காசும் ஒட்டாது.

பூங்காவில் தேடுவது தனி வித்தை. எங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, எங்கே கூடும் எங்கே கூடாது என்று பதில் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீட்டுவதற்கு. மணலில் குழியை அலை மூடிவிடும். புல்லில் நாம்தான் மூடவேண்டும். மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை ஒட்டவிட்டு, பெட்டி மூடி மாதிரி புல்லைத் திறந்து, மண்ணை ஒரு துணியில் கொட்டி, எடுத்ததும் மண்ணைத் திரும்பப் போட்டு மூடி மிதித்துவிட வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் எனக்கே இடம் தெரியக்கூடாது. குழியை மூடாமல் போகிற ஒருவனால் நூறு பேருக்குத் தடை வரும், அப்படிப்பட்டவனைக் கண்டால் எனக்கு ஆகாது. தலைக்கு மேலே கரண்டுக் கம்பி போகிற இடத்தில் மெஷின் முணுமுணுக்கும், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, சுற்றுப்புற இரைச்சல் குறைவான அலைவரிசைக்கு அதுவே மாறிக்கொள்ளும். கடலில் கிடைக்காதது பூங்காவில் கிடைக்கிறது, 1992-இல் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்ட ஒரு சென்ட், இரண்டு சென்ட் வெண்கலக் காசுகள், இரண்டு சென்டில் ஓணான் மாதிரி ஒன்று கழுத்தை விரித்து நிற்கும். போன வாரம் கங்காரு போட்ட 1951 பென்னி ஒன்று. நானும் நீயும் பிறப்பதற்கு முன்னால் யாருடைய கால்சட்டைப் பையிலிருந்தோ விழுந்தது, பச்சை பூத்து, எழுத்து மட்டும் தெளிவாக.

இதற்கு நடுவில் ஒரு வேலை மாட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் ஒரு பெண், நர்ஸ், கல்யாணமாகி நாலு மாதம், கடலில் குளிக்கும்போது மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தாளாம். இடத்தைக் காட்டச் சொன்னால் கையை நீட்டி ஒரு அரைக்கால் மைல் கடலைக் காட்டுகிறாள். நீர் வற்றும் நேரத்தில் வா, அந்த இடம் காலளவு ஆகிவிடும் என்று மறுநாளே புருஷனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். போய் நின்றோம். கடல் வற்றவே இல்லை. ஒரு மணி, இரண்டு மணி, முழுப் பகலும் தண்ணீர் அங்கேயே நின்றது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இதற்கு இந்த ஊரில் டாட்ஜ் டைட் என்று பெயரே இருக்கிறது. பெரும்பாலான கடல்களில் சந்திரன் இழுப்பு சூரியன் இழுப்பைவிட நன்றாகவே பெரியது. இந்த வளைகுடாவில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்து சேர்கின்றன, அதனால் இரண்டும் எதிரெதிராக இழுக்கிற நாளில் கடல் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடும். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் அன்றைக்கு நவமி. அரை நிலாவை ஒட்டித்தானே அஷ்டமி நவமி, இதுவும் அப்போதுதான் வரும். அஷ்டமி நவமியில் ஒரு காரியத்தையும் தொடாதீங்கடா என்று உன் அம்மா வாசலில் நின்று கத்துவார்களே, கிளெனெல்க் கடலை முன்பின் பார்க்காமல் சொன்ன ஆள். ஈக்வினாக்ஸ் மூன்று மீட்டர் தண்ணீர் வரை தாங்கும், ஆனால் நான் தாங்கமாட்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் போனேன், நன்றாக வற்றியிருந்தது. கயிறு கட்டிப் பாத்தி மாதிரி பிரித்து, வடக்கு தெற்காக ஒரு நடை, கிழக்கு மேற்காக ஒரு நடை. பிளாஸ்திரி ஒட்டியபடியே. 31 வளையம், 14 சோடா மூடி, தூண்டில் ஈயம் ஒரு கை நிறைய, ஆறு டாலர் சில்லறை. மோதிரம் இல்லை. இரண்டாம் தடவை போனபோது, ஜெட்டியை ஒட்டி வெள்ளி மோதிரம் ஒன்று கிடைத்தது, உள்ளே இரண்டு எழுத்து வெட்டியிருந்தது, அவளுடையது இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே சேர்ந்ததை அரசாங்கம் லாரியிலும் குழாயிலும் திரும்பத் தெற்கே கொண்டுவந்து கொட்டும். ஆனால் மோதிரம் கனம், மணலோடு அவ்வளவு சுலபமாகப் போகாது, கீழே இறங்கும். அடுத்த அமாவாசைக்கும் போவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

நீ கேட்டிருந்தாயே, மெஷினை எடுத்துக்கொண்டு வாடா, அமராவதி ஆற்றில் இறங்கலாம் என்று. ஆசை எனக்கும் உண்டு மாப்ளே. நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆற்று மணலைச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தவர்களை வேடிக்கை பார்ப்போம், நினைவிருக்கிறதா, ஈயக் குண்டும் பொத்தலான செப்புக் காசும் வைத்திருப்பார்கள். அதே மாதிரி ஆற்றுக் காசுகளில்தான் மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் நாணயங்கள் கரூரில் கிடைத்தன, ரோமாபுரிக் காசுகளும். இங்கிலாந்தில் 1992-இல் ஹாக்ஸ்ன் என்கிற ஊரில் ஒரு குடியானவர் சுத்தியலைத் தொலைத்துவிட்டார், தேடித்தரப் போன நண்பர் மெஷினை வீசினால் ரோமானியர் காலத்துப் புதையல், பதினைந்தாயிரம் காசுக்குக் கிட்ட. அந்த மனிதர் செய்த நல்ல காரியம், கொஞ்சம் தோண்டியதுமே நிறுத்திவிட்டு ஆள் சொல்லி அனுப்பினார், தொல்லியல்காரர்கள் வந்து எது எதன் மேல் எப்படி இருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது, அதையும் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் 1878-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லவேண்டும். சட்டத்தை விடு. மணல் லாரி விட்டுவைத்த கொஞ்சநஞ்ச மண்ணையும் நான் போய்க் கிளறி, எந்தக் காசு எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் ஆக்குவதற்கு எனக்கு மனசில்லை. மெஷின் இங்கேயே இருக்கட்டும். நான் மட்டும் தை மாதம் வருகிறேன், ஆற்றங்கரையில் சும்மா உட்காரலாம்.

அதற்கு முன்னால் ஒரு உதவி. உன் பெரியவள் அடுத்த மாதம் சிட்னி வருகிறாள் என்று எழுதியிருந்தாய். உங்கள் வீட்டு உண்டியலிலோ, உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய காசு கிடக்கும், அவளிடம் கொடுத்துவிடு. சதுரமான அலுமினிய ஐந்து பைசா, விளிம்பு வளைவு வளைவான பத்து பைசா, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா, ஒவ்வொன்று இருந்தால் போதும். தோட்டத்து வரிசையில் வளையத்துக்குப் பக்கத்தில் புதைக்கவேண்டும். அலுமினியம் ஒன்று நம் பத்து பைசா, ஒன்று இந்த ஊர் வளையம், வசந்தா இரண்டையும் என்ன சொல்லுகிறாள் என்று பார்க்கவேண்டும். அவள் சும்மா அடித்துவிடுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லாதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடு.

உன்,
சண்முகம்